பெரியவளவு நடை

தன் இரத்தத்தை வைத்துத்தான் ஊரார் இரத்தத்தை அளக்கிறார்கள் என்று சென்னியப்பன் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், இலையில் உப்பு வைப்பதற்குள் பேச்சு அங்கே வந்து நின்றுவிடும்.

“என்ற மருமக கோயமுத்தூர்ல பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல இருக்குதுங்க. நோவு புடிச்ச ரத்தம் எது, நல்ல ரத்தம் எதுன்னு காட்டற மாதிரி ஒண்ணு கண்டுபுடிச்சிருக்குது. நல்ல ரத்தத்துக்கு அது எங்க போகும்? பெரியவளவு ரத்தந்தானுங்க. அதுக்குக் கண்ட்ரோல்னு பேரு.”

கண்ட்ரோல் என்ற சொல்லை அவர் கலெக்டர் என்பதைப் போல உச்சரிப்பார்.

காங்கேயத்துக்குத் தெற்கே பெரியவளவு வீடு என்றால் தெரியாதவர்கள் இல்லை. அந்த வீட்டு ஆண்களைப் பின்னாலிருந்து பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். ஐம்பது வயதை நெருங்கும்போது அவர்களுக்கு ஒரு நடை வந்து சேரும். கால்களை அகட்டி வைத்து, கைகளை உடம்பிலிருந்து சற்றே விலக்கி, நிலத்தை அளப்பது போல மெதுவாக வருவார்கள். பேச்சும் அதே போலத்தான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைந்து போகலாம். கல்யாணச் சீர்த் தட்டுகளுக்கு முன்னால் பெரியவளவுக்காரர் ஒருவர் அப்படி நடந்து வந்தால்தான் அந்தச் சீருக்கே மதிப்பு என்று சுற்றுப்பட்டில் எண்ணம். நடை தானாக வரும்வரை காத்திருக்கவும் அந்த வீட்டில் மாட்டார்கள். பையன்களுக்குப் பத்து வயது ஆனதும் களத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று பழக்குவார்கள். சென்னியப்பனை அவருடைய அப்பா பழக்கினார். அவர் தன் மகன் திருமூர்த்தியைப் பழக்கினார்.

மனைவி போன பிறகு சென்னியப்பன் கோவையில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் தெருவில் தானாக வந்து தானாகப் போகும் அந்த ஊரிலும் அவர் நடை மாறவில்லை. அவர் சாலையைக் கடக்கும்வரை வண்டிகள் வரிசையாக நின்று காத்திருந்தன. அதையும் அவர் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை மருமகள் கோகிலவாணி இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மணி, சட்னி காரமா?”

“இல்லீங்க மாமா.” அவள் தட்டைத் தள்ளினாள். “உங்க ரத்தம் பச்சையா மினுங்குதுங்க.”

“பச்சைன்னா நல்லதா?”

“இருட்டா இருக்கோணுங்க. கண்ட்ரோல்னா ஒப்பிட்டுப் பாக்க வெக்கற நோவில்லாத ரத்தம், அது இருட்டாத்தான் இருக்கோணும்.”

சென்னியப்பன் தம்ளரைக் கீழே வைத்தார். தன் இரத்தம் என்ன வேலைக்குப் போகிறது என்று அவர் அதுவரை விவரமாகக் கேட்டதில்லை. பெருமைக்கு அது தேவைப்படவில்லை. இப்போது கேட்டார்.

“நம்ம செல்லுக்குள்ள டி.என்.ஏ. நூலாட்டச் சுத்தி இருக்குதுங்க. அதைப் போய்ப் புடிக்கறதுக்குன்னே சில புரதம் உண்டு. புடிக்கும், வேலை முடிஞ்சா விட்டுரும். எங்க கூடத்துல பாக்கற புரதம் சில பேருக்கு விடவே விடாது. கவ்வுனா கவ்வுனதுதான். அதனால அதுக்கு உடும்புன்னு பேரு வெச்சிருக்கறோம். அது கவ்விட்டா மூளைல நடைக்கும் பேச்சுக்கும் இருக்கற செல்லு கொஞ்சங் கொஞ்சமாச் செத்துப்போகும். ரத்தத்துல இருக்கற செல்லுலயும் அதே உடும்பு இருக்கும், அதனால ரத்தத்துலயே பாத்துக்கலாம்.”

“பாக்கறதுக்குத்தான் உன்ற மருந்தா?”

“மருந்தில்லீங்க, ஆன்டிபாடி. முயல் உடம்புலருந்து எடுத்தது. சும்மா இருக்கற புரதத்தை அது கண்டுக்காது. கவ்விட்டு இருக்கற உடும்பு மேல மட்டும் போய் ஒட்டிக்கும். விளக்குக்கு அடியில வெச்சாப் பச்சையாத் தெரியும்.”

“ஜீனைப் படிச்சாலே தெரியும்னு சொல்றாங்களே?”

“ஜீன் இருந்தும் உடும்பு கவ்வாம, கடைசி வரைக்கும் நல்லா இருக்கறவங்க எத்தனையோ பேருங்க. அவங்களுக்கு மருந்து குடுத்தா அதுவே வெசம். கவ்வுச்சா இல்லையான்னு நேராப் பாத்தாத்தான் நெசம். பாத்துட்டா மருந்து இருக்குது மாமா. நடை போறதுக்கு முந்தியே ஆரம்பிச்சா முழுசாத் தப்பிச்சுக்கலாம். போக ஆரம்பிச்சிருந்தா அதோட நிறுத்தி வெக்கலாம்.”

“செரி. இப்ப என்ன கேடு?”

“மத்த நல்ல ரத்தமெல்லாம் இருட்டா இருக்குது. உங்களுது மட்டும் எத்தனை தடவை வெச்சாலும் மினுங்குது. நல்லா இருக்கற மனுசனை நோயாளின்னு சொல்ற சோதனையை யாரு அனுமதிப்பாங்க? ஒரே ஒரு பொய் மினுக்கம் போதும். புதன்கிழமை அதை முடிவு பண்ற குழு கூடுது. முயல்னு நாங்க சொல்ற இந்தச் சோதனையவே மூடிரச் சொல்லிருவாங்க.”

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அந்த முயலோடுதான் வாழ்ந்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியிலிருந்தும் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டவள்.

“அப்ப தப்பு உன்ற முயல் மேலதான்,” என்றார் சென்னியப்பன்.

“அப்படித்தானுங்க எல்லாரும் சொல்றாங்க.”

தன் இரத்தத்துக்குப் பழுதில்லை என்று தீர்ந்த பிறகும் அவருக்கு இட்லி இறங்கவில்லை. “இரு. நாளைக்கு நானே வந்து புதுசாத் தாரன். பழசுல ஏதாச்சும் கலப்படம் ஆயிருக்கும். பெரியவளவு ரத்தம் பொய் சொல்லாது,” என்றார்.

மறுநாள் வெள்ளை வேட்டியும் துண்டுமாக ஆய்வுக்கூடத்துக்குப் போனார். நீளமான தாழ்வாரம். தரையில் மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. ஓரத்து நாற்காலிகளில் நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தின் தலைவர் டாக்டர் ஷெரீஃபா, கைக்கணினியோடு ஒருவரைக் கோட்டின்மேல் நடக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் மலர்ந்தது.

“அம்மணி, அவரு நமக்குப் பங்காளி முறையா இருப்பாரோ?”

“யாருங்க மாமா?”

“அதா, நடக்கறாரே. நடையைப் பாரு. காலை அகட்டிப் போட்டு, கையைக் கொஞ்சம் விட்டு… அச்சு அசல் பெரியவளவு நடை. எந்த வீட்டுக்காரருன்னு கேளு.”

கோகிலவாணி நோயாளியைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், அவர் கால்களைப் பார்த்தாள்.

அதற்குள் அவரே அருகில் போய்க் கும்பிட்டார். “ஐயாவுக்கு எந்த ஊருங்க?”

“தூத்துக்குடி… அண்ணாச்சி.” அந்த மனிதருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. ஒவ்வொரு சொல்லையும் தனியாகத் தூக்கி வைத்தார். “லாரி… ஓட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப… முடியல.”

“நடை ரொம்ப நல்லாருக்குதுங்க.”

லாரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேலியோ என்று யோசித்திருப்பார். பிறகு சிரித்தார். “நல்ல நடையா? ரோட்டுல எறங்குனா… போலீஸ்காரன்… குடிச்சிருக்கியாலேன்னு… ஊதச் சொல்லுதான் அண்ணாச்சி. எம் பொண்டாட்டியே… மொதல்ல நம்பல.”

தாழ்வாரத்தில் யாரோ சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. டாக்டர் ஷெரீஃபா கைக்கணினியைத் தாழ்த்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டியைக் கூப்புடு அம்மணி. வீட்டுக்குப் போலாம்.” துண்டைச் சரிசெய்துகொண்டு அவர் திரும்பி நடந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் தன் கால்களைப் பார்க்கிறார்கள் என்பது முதல்முறையாக அவருக்குச் சுட்டது.

வண்டி அவினாசி சாலை மேம்பாலம் ஏறியதும் கோகிலவாணி, “தப்பு என்ற மேலதானுங்க மாமா,” என்றாள். “ரத்தம் குடுக்க வந்த ஒவ்வொருத்தரையும் அந்தக் கோட்டுல நடக்க வெச்சேன். கண்ணை மூடி நிக்கச் சொன்னேன். உங்களை மட்டும் சொல்லல. மாமனாரை எப்படிங்க நடந்து காட்டுங்கன்னு சொல்றது? வீட்டுல யாருக்காச்சும் தள்ளாட்டம் உண்டுங்களான்னு வாயில மட்டும் கேட்டேன்.”

“‘எங்க வீட்டுலயா’ன்னு கேட்டேன் நானு.”

“ஆமாங்க. அதோட விட்டுட்டேன்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அப்பாவின் நினைவு வந்தது. அப்பா கடைசியில் நடக்காமலே போனார். வீட்டில் அதற்கும் ஒரு சொல் இருந்தது: “பெரியவரு எறங்கி வரமாட்டாரு, நாமதான் மேல போகோணும்.” அத்தோடு வேறொன்றும் நினைவு வந்தது. அதைத்தான் அவரால் தள்ளிவிட முடியவில்லை. அவருடைய தங்கை பாவாத்தாள். கட்டிக்கொடுத்த வீட்டில் குடத்தை உடைத்தாள், குழம்புச் சட்டியைக் கவிழ்த்தாள், வாசற்படியில் விழுந்தாள். கை கால் நிதானம் இல்லாதவள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளும் பெரியவளவுதான். அவளுக்கு வந்ததும் அதே நடைதான். ஆணுக்கு வந்தபோது கௌரவம் என்றார்கள். பெண்ணுக்கு வந்தபோது கவனமில்லை என்றார்கள்.

ஈரோட்டில் இருக்கும் மகள் சுகந்தி போன தீபாவளிக்கு வந்திருந்தாள். உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது காபித் தம்ளரைத் தவறவிட்டாள். “ஒரு தம்ளரைப் புடிக்கத் தெரியல, பெரியவளவுல பொறந்தவளா நீ?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டது அவர்தான்.

“அம்மணி, சுகந்திக்கு…”

“தெரியலீங்க மாமா. பாத்தாத்தான் தெரியும். பாக்கறதுக்கு முயல் இருக்கோணும்.”

“நான் வாயைத் தொறக்கலீன்னா?”

“நாளைக்கு மூடிருவாங்க. உங்களுக்கு நோவு இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் அந்த மினுக்கம் பொய்யில்லன்னு ஆகும். ஆனா நீங்க சொல்லாட்டி நான் சொல்ல மாட்டனுங்க. உடம்பு உங்களுது.”

“சொன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? உன்ற பையனுக்கு நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா? திருமூர்த்திகூட அந்த நடைதான நடக்கறான்.”

“நானும் அதைத்தானுங்க காலையிலருந்து நெனச்சுட்டு இருக்கறேன்,” என்றாள் கோகிலவாணி. அவள் குரல் உடைந்ததை அவர் அன்றுதான் கேட்டார்.

“அந்தத் தூத்துக்குடிக்காரரு?”

“அவருக்குத்தான் தெரிஞ்சுபோச்சுங்களே. அவரு புள்ளைங்களுக்குத்தான் தெரியாது.”

விளக்கு வைக்கும் நேரத்தில் சென்னியப்பன் சாமி படத்துக்கு முன்னால் நின்றார். கோயிலானாலும் வீடானாலும் ஒரு கையைத் தூணிலோ சுவரிலோ ஊன்றிக்கொண்டு கண்ணை மூடுவதுதான் அவர் பழக்கம். பெரியவர் தூணோடு தூணாக நின்று கும்பிடுகிறார் என்று பூசாரிகூட மெச்சியதுண்டு. அன்று சுவரைத் தொடவில்லை. கால்களைச் சேர்த்து வைத்தார். இரு கைகளையும் கூப்பினார். கண்ணை மூடினார்.

தரை நழுவியது. படச் சட்டத்தைப் பிடித்து நின்றபோது படத்தில் முருகன் கோணலாகப் பார்த்தார்.

புதன்கிழமை குழு கூடிய அறையில் பாதிப்பேர் மேசையைச் சுற்றியிருந்தார்கள், மீதிப்பேர் சுவர்த்திரையில் இருந்தார்கள். கோகிலவாணி பேச எழுந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அம்மணி உக்காரட்டுங்க. ரத்தம் என்னுது.”

அவர் எல்லோரையும் தாழ்வாரத்துக்கு வரச் சொன்னார். வந்தார்கள். திரையில் இருந்தவர்களும் பார்க்கட்டும் என்று கதவு திறந்துகிடந்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மஞ்சள் கோட்டின் தொடக்கத்தில் நின்று, “புடிக்கறதுக்கு யாரும் பக்கத்துல வரக்கூடாது,” என்றார்.

ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொன்றின் விரல்களோடு ஒட்டி வைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவர் யாருக்கும் நடந்து காட்டியவரில்லை. நடந்தார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இப்போது வைத்தார். முதல் அடி நின்றது. இரண்டாவதில் இடுப்பு வளைந்தது. மூன்றாவதில் கால் தானாகக் கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் போய் ஊன்றியது. கோகிலவாணியின் கை நீண்டது. அவர் ஒரு பார்வை பார்த்தார், கை நின்றுவிட்டது. மறுபடி கோட்டுக்கு வந்து மறுபடி வைத்தார். மறுபடி தவறியது. விழவில்லை. வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“இது நோவுன்னு… எங்களுக்குத் தெரியாதுங்க. கௌரவம்னு நெனச்சு… நடந்துட்டோம். எங்க அப்பாரும், அவரு அப்பாரும். நாங்க பாத்துக் கண்டுக்காததை… முயல் கண்டுக்கிச்சு. அதுக்குப் போய்… அதை மூடறதா?”

திரையில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்றது தெரிந்தது. டாக்டர் ஷெரீஃபா முறையாகச் சோதிக்க வேண்டியதை அங்கேயே சோதித்தார். கண், நாக்கு, விரல் என்று ஒவ்வொன்றாக. பிறகு குழுவைப் பார்த்து, “ரத்த மாதிரி தப்பில்ல, ஆன்டிபாடியும் தப்பில்ல. நாமதான் அவரைத் தப்பான வரிசையில உக்கார வெச்சிருக்கோம்,” என்றார்.

கூட்டம் முடிந்ததும் அவர் சென்னியப்பனிடம் வந்தார். “ஐயா, இனி உங்க ரத்தம் இருட்டு வரிசைக்கு ஆகாது. ஆனா எங்களுக்கு இன்னொரு வரிசையும் வேணும். ஒவ்வொரு தடவை முயல் ஆன்டிபாடியைத் தயாரிக்கும்போதும் அது வேலை செய்யுதான்னு பார்க்க, கட்டாயம் மினுங்கும்னு தெரிஞ்ச ரத்தம் ஒண்ணு. எந்த நாட்டுல இந்தச் சோதனை நடந்தாலும் முதல்ல அதைத்தான் வைப்பாங்க. குடுப்பீங்களா?”

“எடுத்துக்குங்க. என்ன பேரு போடுவீங்க?”

“பேரு போடக்கூடாதுங்க ஐயா. நம்பர்தான்.”

“ஆளு பேரு வேண்டாம். வீட்டுப் பேரு போடுங்க. பெரியவளவு.”

“நோய்க்கு உங்க வீட்டுப் பேரா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“நோய்க்கு இல்லீங்க. வெளக்குக்கு,” என்றார் சென்னியப்பன்.

அந்த வாரமே சுகந்தி ஈரோட்டிலிருந்து வந்தாள். திருமூர்த்தியும் இரத்தம் கொடுத்தான். அவன் தாழ்வாரத்தில் நடந்து வந்ததைப் பார்த்து நர்சுகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோகிலவாணி தன் கணவனின் இரத்த மாதிரியை விளக்கடியில் தானே வைக்க மறுத்துவிட்டாள். ஷெரீஃபாதான் வைத்தார்.

சுகந்தியின் இரத்தம் மினுங்கியது. விளக்கிச் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேற்றுவதற்காகக் கோகிலவாணி மருந்தைப் பற்றிச் சொன்னாள்: இப்போதுதான் தொடக்கம், இதோடு நிறுத்திவிடலாம். சுகந்தி கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

“அப்ப நான் கவனமில்லாதவ இல்லீங்களாப்பா?”

“இல்ல கண்ணு,” என்றார் அவர். அதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. அது நோயால் இல்லை.

திருமூர்த்தியின் கண்ணாடித் தகடு இருட்டாக இருந்தது. ஷெரீஃபா மறுபடி வைத்தார். இருட்டு. இன்னொரு முறை வைத்தார். அமாவாசை இருட்டு.

“டாக்டரம்மா, நல்லாப் பாருங்க. அவன் நடைய நீங்க பாத்தீங்கல்ல?” என்றார் சென்னியப்பன்.

திருமூர்த்தி தலையைச் சொறிந்தான். “அது வந்துங்கப்பா… நீங்கதான களத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு, காலை அகட்டி வைடா, காலை அகட்டி வைடான்னு…”

“அது பழகறதுக்குடா. அப்பறம் தானா வரோணும்.”

“வரலீங்க. அதனால நானே நடந்துட்டு இருந்தேன்.”

“இத்தனை வருசமாவா?”

“இடுப்பு வலி உசுரு போகுதுங்கப்பா. ஆபீஸ்ல லிஃப்டுக்குள்ள போனதுந்தான் காலைச் சேத்து வெப்பேன்.”

கோகிலவாணி அழுகையும் சிரிப்புமாகக் கணவனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “எங்கிட்டக் கூடச் சொல்லலீல்ல!”

“உங்கிட்டச் சொன்னா நீ அப்பாகிட்டச் சொல்லிருவ.”

ஷெரீஃபா தகட்டை எடுத்துத் துடைத்தார். “நடக்கவெச்சுப் பார்த்திருந்தா நானே இவருக்கு நாளைக்கே மருந்து எழுதியிருப்பேன். முயல்தான் காப்பாத்துச்சு,” என்றார்.

அடுத்த தை மாதம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் சென்னியப்பன் கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருந்து அவர் நோயை இருந்த இடத்தில் நிறுத்தியிருந்தது. ஊர் பேசியதுதான். பேசிவிட்டு ரகசியமாக, தங்கள் வீட்டில் தம்ளர் தவறவிடும் பெண்களையும் சாலையில் தள்ளாடும் ஆண்களையும் கோவைக்கு அழைத்துப் போகவும் தொடங்கியிருந்தது.

சுகந்தி அவருக்குக் காபி கொண்டுவந்தாள். இரண்டு கைகளாலும் பிடித்திருந்தும் வாசற்படியில் தம்ளர் நழுவி உருண்டது. பக்கத்தில் இருந்த உறவுக்காரர் ஒருவர், “பாத்து வரக்கூடாதா புள்ள?” என்றார்.

“அது பாத்துத்தானுங்க வருது,” என்றார் சென்னியப்பன். “சுகந்தி, இன்னொண்ணு கொண்டா கண்ணு. அரைத் தம்ளர் போதும்.”

உள்ளே மேளம் மாறியது. சீர்த் தட்டுகள் கிளம்பின. முன்னால் திருமூர்த்தி வந்தான். கால்களைச் சேர்த்து வைத்து விறுவிறுவென்று நடந்து, தட்டுக்காரர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு மணமேடைக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

உறவுக்காரருக்குத் தாங்கவில்லை. “என்னுங்க இது, பஸ்ஸப் புடிக்க ஓடறவனாட்டப் போறான்? பெரியவளவு நடை எங்கீங்க போச்சு?”

சென்னியப்பன் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். மகனின் கால்களை ஒரு முறை ஆசைதீரப் பார்த்துக்கொண்டார்.

“அவனை ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றார். “இப்ப அவன்தானுங்க கண்ட்ரோல்.”